எத்தனை மணிக்கு அறுபது கிலோ?

போன வாரம் மாவட்டக் குத்துச்சண்டைச் சங்கத்திலிருந்து மூன்று தம்பிகள் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு கிலோ ஆப்பிளோடு வந்தார்கள். பழத்தோடு வருகிறவர்களுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று என் மனைவி சமையலறையில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பையை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தேன். எண்ணூற்றைம்பது கிராம்தான் இருக்கும். பழக்க தோஷம், என்ன செய்வது.

"சார், இந்த வருஷத்துலேர்ந்து எடை பாக்குறத மொத நாள் சாயங்காலமே முட்ச்சிடலாம்னு கீறோம். அன்னிக்கே காலைல எடை, அன்னிக்கே சண்டைன்னா பசங்க காஞ்சி பூட்றானுங்க. நீங்க இன்னா சொல்றீங்க? அத அப்டியே ஒரு கட்டுரையா எழுதிக் குட்த்தீங்கன்னா மலர்ல போட்ரலாம்" என்றார் மூவரில் செயலாளரான தம்பி.

மலர் என்றால் போட்டி நடக்கும் நாளில் வெளியிட்டு, போட்டி முடிந்ததும் பார்வையாளர்கள் நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போகும் புத்தகம். அதில் சிமென்ட்டுக் கடை விளம்பரத்துக்கும் பிரியாணிக் கடை விளம்பரத்துக்கும் நடுவே ஒன்றரைப் பக்கம் காலியாக இருக்கிறதாம். நான் சொல்ல வேண்டியது ஒன்றரைப் பக்கத்தில் அடங்காது. பிரியாணிக் கடைக்காரர் பொறுத்துக்கொள்ளட்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 2006-இல் ஒரகடத்தில் ஓர் அலுமினிய வார்ப்படத் தொழிற்சாலையில் சேர்ந்து 2015-இல் ஓய்வு பெற்றவன். வேலை கேலிபரேஷன். இந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். தொழிற்சாலையில் அளக்கிற கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று அளந்து பார்ப்பதுதான் வேலை. அதற்கு முன் அம்பத்தூரில் இருபத்திரண்டு வருஷம் இதையே செய்தேன். அங்கே கற்றது இவ்வளவுதான்: கருவியை நம்பாதே, அளக்கிற ஆளை அதைவிட நம்பாதே.

குத்துச்சண்டைக்கும் எனக்கும் உள்ள உறவு இன்னும் சுருக்கமானது. வாலிபத்தில் வியாசர்பாடியில் இரண்டு முறை வளையத்துக்குள் ஏறியிருக்கிறேன். இரண்டு முறையும் சேர்த்து மூன்று நிமிஷம் நின்றிருந்தால் அதிகம். அந்தக் காலத்தில் எடை பார்ப்பதென்றால் விறகுத் தொட்டித் தராசில், சண்டைக்கு ஒரு மணி நேரம் முன்பு, பேண்ட் சட்டை பெல்ட்டோடு பார்ப்பார்கள். யாருக்கும் எடையைக் குறைக்கும் யோசனையே வராது. ஒரு மணி நேரத்தில் அடி வாங்கப் போகிறவன் வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் வருவான். ஆகவே அறுபது கிலோ என்றால் அறுபது கிலோ ஆள்தான் எதிரே நிற்பான். எங்களுக்குத் தெரியாமலேயே நாங்கள் நியாயமாக இருந்திருக்கிறோம்.

வெளிநாடுகளில் காசுக்குச் சண்டை போடுகிறவர்களுக்கும் ஒரு காலத்தில் அன்று காலையில்தான் எடை பார்த்தார்கள். உடம்பில் இருக்கிற தண்ணீரை எல்லாம் வற்ற வைத்துக்கொண்டு வந்து அன்றைக்கே அடி வாங்கினால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, முந்தின நாளுக்கு மாற்றினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஓர் இரவு கையில் கிடைத்ததும் பெரிய உடம்புக்காரனுக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. இன்று வற்றிப்போய்ச் சின்ன எடை வகுப்பில் நுழைந்துவிட்டு, ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்து நாளைக்குப் பெரிய ஆளாக நின்றால் என்ன? அதன்பின் வகுப்பின் பெயர் சீட்டில் இருந்தது, ஆள் வேறு வகுப்பில் இருந்தான். நம்மூர் அமெச்சூர் போட்டிகளில் சண்டை இருக்கிற ஒவ்வொரு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள். நாலு நாள் போட்டியில் நாலு நாளும் வற்றிக்கொண்டிருந்தால் ஐந்தாம் நாள் பால் ஊற்ற வேண்டியதுதான் என்பதால் அங்கே கொஞ்சம் அடக்கம் இருந்தது.

இப்போது எங்கள் தொழிற்சாலைக்கு வருகிறேன். வட்டாரத்தில் மற்ற கம்பெனிகள் எல்லாம் கிரிக்கெட் நடத்த, எங்கள் முதலாளியின் மைத்துனருக்குக் குத்துச்சண்டையில் ஆசை. எனவே சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு ஒரு கோப்பை. ஒரு கம்பெனிக்கு ஒரு வகுப்பில் ஒரே ஓர் ஆள். வளையமும் நடுவரும் சங்கத்துடையது, தராசு எங்களுடையது. தராசு போகும் இடத்துக்குத் தராசுக்காரனும் போக வேண்டும் என்று என் தர மேலாளர் பத்மநாபன் சார் சொன்னதால், நான் சட்டையில் ரிப்பன் குத்திய எடை அதிகாரி ஆனேன்.

பத்மநாபன் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒன்பது வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். நாம் திரும்பியதும் ஒரே கேள்விதான்: "ஜீரோ பாத்தீங்களா?" தராசில் எதையும் வைப்பதற்கு முன் வெறும் தட்டு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எடுத்த பிறகும் பார்க்க வேண்டும். நூறு பொருள் எடை போட்டால் நூற்றொரு முறை பூஜ்யத்தைப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் அவருக்குச் சந்தேகம் வந்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால் பொடியாக ஒரு பூஜ்யமும் கேள்விக்குறியும் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதைப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மகள் கல்யாணத்துக்கு நகை வாங்கப் போன கடையில் "ஜீரோ காட்டுங்க" என்று கேட்டு, கடைக்காரர் இரண்டு முறை காபி கொடுத்துச் சமாதானப்படுத்தினாராம். சம்பந்தி வீட்டார் கூடவே இருந்தார்களாம்.

அவர் சொல்லிக்கொடுத்த முறைப்படிதான் நான் வீரர்களை எடை பார்த்தேன். தராசைச் சிமென்ட் தரையில் வைத்து, நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கும்வரை கால்களைத் திருகுவேன். இருபது கிலோ எடைக்கல் மூன்றை ஏற்றி அறுபது வருகிறதா என்று பார்ப்பேன். சின்ன வகுப்பிலிருந்து ஒவ்வொருவராக ஜட்டியோடு வருவார்கள். ஏறி, கையைத் தொங்கவிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். இறங்கியதும் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். நம் ஆட்கள் சாமானியர்களா? ஒருவன் கால் கட்டைவிரலைத் தட்டுக்கு வெளியே நீட்டித் தரையில் ஊன்றுவான். இன்னொருவனுக்கு நண்பன் பின்னால் துண்டைப் பிடிக்கிற சாக்கில் இடுப்பைத் தாங்கிப் பிடிப்பான். நாற்பது கிராமுக்காக என் கண்ணெதிரே மொட்டை போட்டுக்கொண்ட ஒருவன், மீசையை மட்டும் எடுக்க மாட்டேன் என்று அழுதான். குலதெய்வத்துக்கு வேண்டியதாம்.

அப்போது எடை பார்ப்பது போட்டியன்று காலை ஏழு மணிக்கு. சண்டை சாயங்காலம் நாலு மணிக்கு. இந்த நேரத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ, எங்கள் உலைப் பகுதி அவருக்குக் கோயில் கட்டியிருக்க வேண்டும். அலுமினியம் உருக்கும் உலைக்கு முன்னால் ஒரு ஷிப்ட் நின்றால் இரண்டு கிலோ வியர்வையாகவே போய்விடும். சி ஷிப்ட் காலை ஆறு மணிக்கு முடிகிறது, எடை ஏழு மணிக்கு. வருஷம் முழுக்க உலை வேலை என்றால் தலைவலி, வயிற்றுவலி, பாட்டி சாவு என்று ஓடுகிறவர்கள், போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் சி ஷிப்ட் உலைக்குச் சிபாரிசு பிடிப்பார்கள். பக்கத்துக் கம்பெனி வீரர்கள்கூட ஒரு நாள் இங்கே வேலை செய்ய முடியுமா என்று விசாரித்தார்கள்.

உலை சூப்பர்வைசர் ஏகாம்பரம் உள்ளூர்க்காரர். ஒருநாள் என்னிடம் வந்து, "சார், இந்த டோர்னமென்ட்ட வருஷத்துக்கு நாலு வாட்டி வெச்சா இன்னா? ஆள் பத்தல ஆள் பத்தலன்னு நான் கத்திக்கினே கீறேன். இப்ப பாருங்க, ஒரு அப்சென்ட் கெடியாது" என்றார். அந்த மாதம் உலைப் பகுதிக்குச் சிறந்த பிரிவு என்று கேடயம் கொடுத்தார்கள். ஏகாம்பரம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எங்கள் வீரர்கள் இருந்த பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

நடுவில் 2010-இல் உலக அளவில் வகுப்புகளையே மாற்றினார்கள். ஐம்பத்து நாலு கிலோவும் ஐம்பத்தேழு கிலோவும் ஒழிந்து ஐம்பத்தாறு வந்தது. எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்து யாரோ கோடு கிழித்தார்கள், இங்கே ஐம்பத்தேழு கிலோ வீரன் ஒருவன் என்னிடம் வந்து, தன் உடம்பில் எந்த ஒரு கிலோ கூடுதல் என்று கேட்டான். தலை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் ரகுநாத் ஹெச்.ஆர். மேலாளராக வந்தார். முன்பு ஏதோ மென்பொருள் கம்பெனியில் இருந்தவர். எதைச் செய்தாலும் அதற்கு மேடை, மைக், போட்டோ வேண்டும். தீயணைப்புப் பயிற்சிக்கே சிவப்பு நாடா கட்டிக் கத்தரித்தவர். காலை ஏழு மணிக்கு ஜட்டியோடு நிற்கும் ஆட்களைப் பார்க்க எந்தப் பெரிய மனிதர் வருவார் என்பது அவர் கவலை. எனவே எடையை முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றினார். வீரர்களின் உடல்நலம் கருதி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

பலன் மறுநாளே தெரிந்தது. சாயங்காலம் அறுபத்து நாலு கிலோவில் குச்சியாக இறங்கியவன் மறுநாள் வளையத்தில் ஏறும்போது கன்னம் உப்பி நின்றான். எனக்குச் சபலம் தாங்கவில்லை, தனியாகக் கூப்பிட்டு ஏற்றிப் பார்த்தேன். அறுபத்தெட்டைத் தாண்டியிருந்தான். எதிராளி நிஜமாகவே அறுபத்து நாலு கிலோக்காரன், பாவம், வற்ற வைக்கத் தெரியாத அப்பாவி. இரண்டாவது சுற்றில் அவன் மூக்கு என்னவாயிற்று என்று எழுத வேண்டாம். மறு வருஷம் அவனும் கற்றுக்கொண்டான். ஆக எல்லோரும் வற்றி, எல்லோரும் ஊறி, கடைசியில் பழையபடி சமமான ஆளோடுதான் மோதினார்கள். நடுவில் எல்லோருக்கும் ஒருநாள் நரகம் இலவசம். காலையா சாயங்காலமா என்று கேட்ட தம்பிகளுக்கு என் அனுபவத்தில் தெரிந்த பதில் இதுதான்: நேரத்தை எங்கே வைத்தாலும் அதற்கு முந்தின நிமிஷம்வரை நம் ஆள் உடம்பைப் பிழிவான். வைத்த நேரத்தை மாற்றாமல் இருந்தால் அதுவே பெரிய தர்மம்.

அந்தத் தர்மமும் தவறிய வருஷத்தைத்தான் சொல்ல வந்தேன்.

இசக்கி என்று ஒருவன். சங்கரன்கோவில் பக்கம். வார்ப்படங்களின் பிசிறு உடைக்கும் இடத்தில் கான்ட்ராக்ட் வேலை. மணிமங்கலத்தில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு தங்கியிருந்தான். அந்த வருஷம் ரகுநாத் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்: கான்ட்ராக்ட் தொழிலாளி யாராவது தங்கப் பதக்கம் வாங்கினால் அவருக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை. இசக்கியின் கான்ட்ராக்ட் அடுத்த மாதம் முடிகிறது. ஊரில் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் ஜாதகத்துக்கு முன்னால் கேட்ட கேள்வி, மாப்பிள்ளை கம்பெனி ரோலா கான்ட்ராக்டா என்பதுதான்.

அவன் உடம்பு இயல்பாக அறுபத்து மூன்றரை. அறுபத்து நாலு கிலோ வகுப்புதான் அவனுக்குச் சரி. ஆனால் அந்த வகுப்பில் எங்கள் கம்பெனிக்கு ஏற்கெனவே நிரந்தர ஊழியர் ஒருவர் பெயர் கொடுத்திருந்தார். ஆகவே இவன் அறுபதுக்கு இறங்க வேண்டும்.

ஒரு மாதம் முன்பே என் அறைக்கு வந்து, "அண்ணாச்சி, தெனமும் ஒரு வாட்டி ஏறிப் பாத்துக்கிடட்டா? கடைத் தராசெல்லாம் ஒண்ணுக்கொண்ணு வேற சொல்லுது" என்று கேட்டான். சரி என்றேன். தினமும் மதிய உணவு நேரத்தில் வருவான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தட்டைக் கையால் துடைத்துவிட்டு ஏறுவான். எண்ணைப் பார்த்து நான் சொல்வதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வான். அவன் கணக்குத் துல்லியமாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஐம்பத்தொன்பது எண்ணூறில் நின்றான். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இனி சண்டைதான் அண்ணாச்சி, அத நான் பாத்துக்கிடுதேன்" என்று சிரித்தான். உதடு வெடித்திருந்ததால் சிரிக்கும்போது ரத்தம் வந்தது.

அன்று சாயங்காலம் வரவேண்டிய சிறப்பு விருந்தினர் ஏதோ கூட்டத்தில் மாட்டிக்கொண்டு வரவில்லை. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னார். பதினொரு மணிக்கு வருகிறவருக்குத் தொடங்கி வைக்க ஏதாவது வேண்டுமே. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். நேற்று நடந்தது ஒத்திகை, அதிகாரபூர்வ எடை இன்று பதினொரு மணிக்கு, சிறப்பு விருந்தினர் தொடங்கி வைப்பார்.

நான் பத்மநாபன் சாரிடம் ஓடினேன். அவர் ரகுநாத்திடம் போனார். சங்கத்தின் அப்போதைய செயலாளரும் கூட இருந்தார். "கையெழுத்துப் போட்ட எடையை ஒத்திகைன்னு சொல்ல முடியாது" என்றார் பத்மநாபன் சார். "சார், எல்லாருக்கும் ஒரே ரூல்தானே? ஃபேர்தானே?" என்றார் ரகுநாத். கம்பெனி கொடுக்கிற மதியச் சாப்பாட்டை உத்தேசித்துச் செயலாளர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி முழுக்கக் குடித்துச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் எல்லோரும் மூன்று கிலோ, நாலு கிலோ ஏறிப் போயிருந்தார்கள். இசக்கி ஒன்றரை கிலோதான் ஏறியிருந்தான். மறுபடி வற்றுவதற்காக எல்லோரும் மதில் ஓரம் வெயிலில் நிறுத்தியிருந்த கம்பெனிப் பஸ்களில் ஏறி, கண்ணாடியை எல்லாம் மூடி, மழைக்கோட்டுக்குள் பாலிதீன் பை சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அக்கினி நட்சத்திரம். வெளியிலிருந்து பார்த்தால் பஸ் நிறைய ஆள், எங்கேயும் போகாத பஸ். ஏகாம்பரம் ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனார். "உயிரோட கீறியாடா? கைய ஆட்டு" என்பார். உள்ளேயிருந்து ஒரு கை ஆடும். மருத்துவர் வந்து ஒவ்வொருவர் நாக்கையும் பார்த்து, வறண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டார்.

இதற்கிடையே நான் மேடையில் தராசை வைத்து, குமிழி பார்த்து, எடைக்கல் ஏற்றி, பூஜ்யம் சரிபார்த்து முடித்திருந்தேன். பத்தரை மணிக்கு ரகுநாத் வந்து, எடை அதிகாரிக்குக் கோட்டு இருக்கிறது, போய்ப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார். போனேன். கோட்டு என்னைவிட இரண்டு வகுப்புப் பெரிய ஆளுக்குத் தைத்தது. கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது தராசுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, தட்டின் விளிம்பு மூன்று பக்கமும் சுற்றிச் சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள். வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்த தடி மாலை. எடை காட்டும் பெட்டியைக் கூட்டத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டிருந்தார்கள்.

முப்பது வருஷத்தில் நான் பார்த்த தராசு எதற்கும் யாரும் மேடையில் மாலை போட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அதுதான் நடந்தது, வேறு காரணம் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை.

சிறப்பு விருந்தினர் தேங்காய் உடைத்துவிட்டு முதல் ஆளாகத் தராசில் ஏறினார். "தொண்ணூற்று ரெண்டு! சூப்பர் ஹெவிவெயிட்!" என்று மைக்கில் அறிவிப்பாளர் கூவ, எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு வீரர்கள் வந்தார்கள். எண் கூட்டத்துக்குத்தான் தெரிந்தது. அறிவிப்பாளர் படிக்கப் படிக்க, பின்னால் கோட்டுக்குள் நின்று நான் எழுதினேன். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறும் இடைவெளியில் பார்க்க வேண்டியதை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"அறுபது புள்ளி ரெண்டு எட்டு! சாரி!" என்றது மைக். கூட்டம் அதற்கும் கைதட்டியது. இசக்கி இறங்கி என்னைத் திரும்பிப் பார்த்தான். எடை முடிய நாற்பது நிமிஷம் இருக்கிறது, அதற்குள் மறுபடி வரலாம் என்றேன். பஸ்ஸுக்கு ஓடினான், ஓடினான் என்று சொல்லக்கூடாது, போனான். வியர்க்க உடம்பில் எதுவும் மிச்சமில்லை. புளியை வாயில் அடக்கி எச்சில் துப்பிப் பார்த்தான். திரும்பி வந்து ஏறியபோது அறுபது புள்ளி ரெண்டு ஆறு.

"அண்ணாச்சி" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

"ரூல் இசக்கி" என்றேன் நான். கோட்டு போட்ட குரலில் சொன்னேன். பெயருக்கு நேராகத் தகுதி இல்லை என்று எழுதினேன். அவனோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள், அவர்கள் ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல். எதிர் வீரனுக்குப் போட்டியே இல்லாமல் அடுத்த சுற்று.

பன்னிரண்டரைக்கு விருந்தினரைச் சாப்பிட அழைத்துப் போனார்கள். மேடையில் நானும் தராசும்தான். பெட்டியை என் பக்கம் திருப்பினேன். வெறும் தட்டு, புள்ளி மூன்று நாலு காட்டியது. ஒரு விநாடி புரியவில்லை. மாலையைத் தூக்கினேன். பூஜ்யம் ஆயிற்று. வைத்தேன், முந்நூற்று நாற்பது கிராம். தூக்கினேன், பூஜ்யம்.

கழித்துப் பார்க்கப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. இசக்கி ஐம்பத்தொன்பது கிலோ தொள்ளாயிரத்து இருபது கிராம்.

சண்டை நாலு மணிக்கு. மூன்றரை மணி நேரம் இருந்தது. மைக் பக்கத்திலேயே இருந்தது, சுவிட்சைப் போட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் எங்கள் சரக்கை வாங்கும் ஜப்பான்காரர்கள் எங்கள் அளவைப் பிரிவைத் தணிக்கை செய்ய வருகிறார்கள். ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கிறது. வட்டாரம் முழுக்க, பூமாலையை மனுஷன் எடையில் சேர்த்தவன் என்று என் பெயர் பரவும். அரை கிராம் தப்புக்குப் பெட்டி பெட்டியாகச் சரக்கைத் திருப்பி அனுப்பியவன் நான். இதையெல்லாம் நினைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நம் மானம் என்று வரும்போது மூளை எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடுகிறது! மாலையை எடுத்துக்கொண்டுபோய் மேடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

திரும்பினால் பத்மநாபன் சார் நிற்கிறார், கை பின்னால்.

"ஜீரோ பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

பொய் இல்லை. இப்போதுதானே பார்த்தேன். அவர் பதிவேட்டை வாங்கி அறுபது கிலோ வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பென்சிலை எடுத்தார், என் முகத்தைப் பார்த்தார், சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதற்கு அவர் என்னை ஓங்கி ஓர் அறை அறைந்திருக்கலாம்.

தங்கம் வாங்கிய கான்ட்ராக்ட் தொழிலாளி அந்த வருஷம் யாரும் இல்லை. விழாவில் ரகுநாத், அடுத்த வருஷம் இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று பேசினார்.

ஒரு மாதம் கழித்து இசக்கியின் கான்ட்ராக்ட் முடிந்தது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையோடு என் அறை வாசலுக்கு வந்தான். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும், செங்கல்பட்டில் ராத்திரி ரயில். கன்னம் பழையபடி நிறைந்திருந்தது. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீய. அன்னைக்கு அந்த மால தட்டு மேலதான கெடந்துச்சு? நான் ஏறையில கால்ல ஈரமா பட்டுச்சு. அதுவும் எடையில சேந்திருக்குமோன்னு ரூம்ல பயலுவ கேக்கானுவ."

இரண்டாவது முறையாக எனக்கு ஒரு வாய்ப்பு வந்து வாசலில் நின்றது. அதுவும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, மரியாதையோடு.

"இல்லப்பா. மாலை கீழ சட்டத்துலதான் இருந்துச்சு. தட்டுல படல. நான் பாத்தேனே" என்றேன்.

அவன் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. கோபம் என்று நினைத்துப் பயந்தேன். கோபம் இல்லை, நிம்மதி.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி. நான்தான் ராத்திரி பசி தாங்காம ரெண்டு இட்லியத் தின்னுட்டேன். அந்த இட்லி தின்னுருக்கக் கூடாது" என்றான்.

"ஆமாம்பா" என்றேன். "இட்லிதான்."